விண் சென்ற வித்தும் கடல் கடந்த வித்தும்: அந்தமான் நிக்கோபார்த் தீவுகளை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

தமிழர் வாழ்வியலில் விதையைப் பேணுதல் ஒரு வேளாண் நுட்பமாக மட்டுமன்றி ஓர் ஒழுக்கமாகவும் கருதப்பட்டு வந்துள்ளது. களத்தில் குவிந்த நெல்லில் விதைநெல்லை முதலில் ஒதுக்கிய பின்னரே உணவுக்குரியதை அளப்பது உழவர் குடிகளின் வழக்கம். வைக்கோற்புரி சுற்றிக் கோட்டையாகக் கட்டிக் காத்த விதைநெல்லை வற்கடத்திலும் தொடாதிருத்தல் குடிக்குப் பெருமை. அதனைத் தொட நேர்தல் குடியின் தளர்ச்சிக்கு அறிகுறி. விதை இல்லாத அண்டை வீட்டார்க்கு அதனை அளந்து கொடுத்தலும், அவர்கள் அடுத்த அறுவடையில் திருப்பி அளத்தலும் இவ்வொழுக்கத்தின் மறுபாதியாகும். காத்தல், கொடுத்தல் ஆகிய இரண்டும் இவ்வாறு ஒரே அறத்தின் இரு கூறுகளாக விளங்கின.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவ்வொழுக்கத்திற்குப் புதியதொரு களம் தோன்றியது. விண்வெளிப் பயணங்களில் விதைகள் உடன்கொண்டு செல்லப்பட்டன. அவற்றுட் பல திரும்பி வந்து முளைத்தன. பள்ளிகளுக்கும் பூங்காக்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. அவற்றின் வழிவந்த விதைகள் மீண்டும் சேகரிக்கப்பட்டன. இம்மரபு ஓர் அறவியல் வினாவை எழுப்புகிறது. ஒரு வித்து விண்ணுக்குச் சென்று மீண்டது என்பதனாலேயே பிற வித்துகளினும் மிக்க மதிப்புக்கு உரியதாகுமா? ஆகுமெனில், அம்மதிப்பு யார்மீது எத்தகைய கடமையைச் சுமத்துகிறது? இவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்கு அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் பொருத்தமான களமாக அமைகின்றன. சீறிஅரிகோட்டாவிலிருந்து வங்கக் கடலின்மீது செல்லும் ஏவூர்திகளைப் பின்தொடர்வதற்கான இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தரைநிலையம் ஒன்று, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரில் இயங்கி வருகிறது. அதே தீவுகளின் வயல்களில் விளையும் நெல்லும் பயறும் எங்கிருந்தோ கடல் கடந்து வந்தவையே. விண்ணை நோக்கும் நிலையமும் புலம்பெயர்ந்த விதையும் ஒரே நிலத்தில் அருகருகே இருப்பதால், இருவகை வித்துகளையும் ஒப்பிட்டு நோக்க அந்நிலம் இடந்தருகிறது.

விண் சென்ற வித்துகள்

1971ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் புறப்பட்ட அப்பல்லோ 14 கலத்தில் விண்வெளி வீரர் ஸ்டூவர்ட் ரூசா ஏறத்தாழ 500 மரவிதைகளை உடன்கொண்டு சென்றார். அவர் முன்னர்க் காட்டுத்தீ அணைக்கும் பணியில் ஈடுபட்டிருந்தவர். பைன், சைகமோர், ஸ்வீட்கம், செம்மரவகையாகிய ரெட்வுட், டக்ளஸ் ஃபர் ஆகிய ஐவகை மரங்களின் விதைகள் அவை. தோழர் இருவர் நிலவில் நடந்தபோது அவ்விதைகள் ரூசாவுடன் நிலவைச் சுற்றின. மீண்டபின் நடந்த தூய்மையாக்கச் சோதனையில் விதைக்குப்பி வெடித்து விதைகள் சிதறின. அவை உயிர்த்திறனை இழந்திருக்கும் என அஞ்சப்பட்டது. ஆயினும் நானூறுக்கும் மேற்பட்ட கன்றுகள் அவற்றிலிருந்து கிடைத்தன. பெரும்பாலானவை 1975, 1976ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பல ஊர்களில் நடப்பட்டன. சில வெளிநாடுகளுக்கும் அளிக்கப்பட்டன. எங்கெங்கு நடப்பட்டன என்பதற்கு முறையான பதிவேடு பேணப்படவில்லை. 1996இல் பள்ளி ஆசிரியை ஒருவர் தம் ஊர் மரம் ஒன்றைப் பற்றி வினவிய பின்னரே நாசாவில் அவற்றைத் தேடும் பணி தொடங்கியது. பல மரங்களின் இருப்பிடம் இன்றளவும் அறியப்படவில்லை.

1984 ஏப்ரலில் விண்ணில் விடப்பட்ட நீள்கால ஆய்வுக்கலம் ஒன்றில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடித் தக்காளி விதைகள் வைக்கப்பட்டன. ஓராண்டளவில் மீட்கப்பட வேண்டிய அக்கலம், 1986இல் சேலஞ்சர் விண்ணோடம் அழிந்ததன் பின்விளைவுகளால் 1990 சனவரி வரை விண்ணிலேயே இருந்தது. மீண்ட விதைகள், மண்ணிலேயே இருந்த அதே வகை விதைகளுடன் இணைத்துப் பள்ளி மாணாக்கர்க்கு வழங்கப்பட்டன. இருவகையையும் ஒருங்கே விதைத்து ஒப்பிடுதல் அவர்களுக்கு இடப்பட்ட பணியாகும். சீன நாடு 1987 முதல் விதைகளை விண்ணுக்கு அனுப்பி, அங்குள்ள கதிர்வீச்சால் விளையும் மரபுமாற்றங்களிலிருந்து புதிய பயிர் வகைகளைத் தேர்ந்தெடுத்து வருகிறது. 2006இல் இப்பணிக்கெனவே ஷிஜியான்-8 என்னும் செயற்கைக்கோளை அந்நாடு செலுத்தியது.

இந்தியாவின் பங்கு அண்மைக் காலத்தது. 2024 டிசம்பர் 30ஆம் நாள் சீறிஅரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்ட பி.எஸ்.எல்.வி-சி60 ஏவூர்தியின் இறுதிநிலை, போயம்-4 என்னும் ஆய்வுத்தளமாக விண்ணில் இயங்கியது. அதிலிருந்த சிறு பெட்டகத்தில் எட்டுத் தட்டைப்பயறு (காராமணி) விதைகள் வைக்கப்பட்டன. அவை நான்கு நாட்களில் முளைத்தன. பின்னர் இலையும் விட்டன. 2025 ஏப்ரல் 4ஆம் நாள் அத்தளம் வளிமண்டலத்திற்குள் மீண்டு இந்தியப் பெருங்கடற் பரப்பில் வீழ்ந்தது. 2025 சூனில் ஆக்சியம்-4 பயணத்தின் வழி பன்னாட்டு விண்வெளி நிலையத்தை அடைந்த சுபான்ஷு சுக்லாவின் ஆய்வுகளிலும் விதைகள் இடம்பெற்றன. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜோதி, உமா ஆகிய நெல் வகைகளும், கனகமணித் தட்டைப்பயறும், திலகதாரா எள்ளும், சூர்யா கத்தரியும், வெள்ளாயணி விஜய் தக்காளியும் அவற்றுள் அடங்கும். மீண்டபின் பல தலைமுறைகள் வளர்த்து ஆராய்வதற்கென அனுப்பப்பட்டவை அவை.

கடல் கடந்த வித்துகள்

அந்தமான் தீவுகளின் தொல்குடிகள் வேட்டையும் மீன்பிடியும் காய்கனி திரட்டலும் மேற்கொண்டு வாழ்ந்தவர்கள். நிக்கோபாரிகள் தென்னையும் தாழையினமும் கிழங்கும் பேணினர். அந்தமானில் நெல் விளைவித்தல் 1858இல் தொடங்கிய தண்டனைக் குடியேற்றத்தையும் அதன் பின்வந்த குடியேற்றங்களையும் ஒட்டியே வேரூன்றியது. 1925இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள் நடு அந்தமானின் மாயாபந்தர்ப் பகுதியில் வெபி முதலிய ஊர்களை அமைத்தனர். 1949 முதல் கிழக்கு வங்க ஏதிலியர் குடியமர்த்தப்பட்டனர். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் 1970களில் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டன. இக்குடியேற்றங்கள் ஒவ்வொன்றோடும் விதைகளும் உணவுப் பழக்கங்களும் வந்து சேர்ந்தன.

இவற்றுள் கரேன் மக்கள் பேணிய நெல் வகைகள் தனித்து நோக்கத்தக்கவை. பிளாக் பர்மா, ரெட் பர்மா, ஒயிட் பர்மா என வழங்கும் அவ்வகைகள் தாம் புறப்பட்ட நாட்டின் பெயரையே தம் பெயராகச் சுமக்கின்றன. தீவுகளின் நெற்பரப்பில் நெடுங்காலம் பேரிடம் வகித்த சி14-8 என்னும் உயர்ந்து வளரும் நீள்கால நெல்லும் பர்மாவிலிருந்து வந்ததே. 1978இல் தொடங்கப்பட்ட நடுவண் தீவு வேளாண் ஆய்வு நிறுவனம் இத்தகைய வகைகளைச் சேகரித்தும் ஆராய்ந்தும் வருகிறது.

தீவில் விதையைக் காத்தல் எளிதன்று. விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறையுந்தோறும் அதன் சேமிப்புக் காலம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது விதையியலார் கண்ட பொதுவிதி. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெறும் தீவின் ஈரக்காற்றில் இவ்விதி எதிர்த்திசையில் செயற்படுகிறது. உலர்த்திய விதை மீண்டும் ஈரத்தை உறிஞ்சுகிறது. ஆதலின் குளிர்ப்பெட்டக வசதியற்ற உழவன் விதையைக் காக்க வேண்டுமாயின் ஆண்டுதோறும் விதைத்தாக வேண்டும். தென்னையின் நிலை இன்னும் கடினமானது. தேங்காய் உலர்த்தினாலும் உறைய வைத்தாலும் முளைத்திறனை இழக்கும். அதனை விதையாக நெடுங்காலம் சேமிக்க இயலாது. மரமாக வளர்த்தே காக்க இயலும். பசிபிக் தீவுகளிலிருந்து சேகரிக்கப்பட்ட தென்னை வகைகளுக்குத் தென் அந்தமானின் சிப்பிகாட்டில் தனித்தோப்பு அமைக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் நேர்ந்த ஆழிப்பேரலை இக்காப்பு முறைகள் அனைத்தையும் சோதித்தது. கிரேட் நிக்கோபாரின் தென்முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் நின்றது. நிக்கோபாரின் கடலோரத் தென்னந்தோப்புகள் அழிந்தன. தென் அந்தமானின் தாழ்ந்த வயல்களில் உவர்நீர் புகுந்து தங்கியது. வயலும் விதையும் ஒரே கரையில் இருந்தோர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர். பிறர் கையில் முன்பே கொடுத்து வைத்திருந்த விதையே அத்தகையோர்க்கு எஞ்சக்கூடிய விதை என்னும் உண்மையை அப்பேரிடர் புலப்படுத்தியது.

மதிப்பு எங்கே உறைகிறது?

விண் சென்ற பொருள்களை மக்கள் போற்றுவது நினைவுச்சின்னங்களைப் போற்றும் மனப்பாங்கின் நீட்சியே எனலாம். சான்றோர் ஒருவர் பயன்படுத்திய எழுதுகோல் பேழையில் வைக்கப்படுவது போல, நிலவைச் சுற்றிய விதையும் போற்றப்படுகிறது. ஆயின் நினைவுச்சின்னத்திற்கும் வித்துக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. நினைவுச்சின்னம் மாறாதிருப்பதால் மதிப்புப் பெறுகிறது. வித்தோ மாறினாலன்றி வித்தாகாது. பேழையில் வைத்த விதை சில ஆண்டுகளில் உயிரிழந்து வெறும் பொருளாகிவிடும். விதைத்தாலோ, விண்ணுக்குச் சென்ற அந்த விதை மறைந்து, விண்ணைக் காணாத புதிய விதைகள் தோன்றும். ஆக, வித்தைச் சின்னமாகக் காப்போர் வித்தினை இழக்கின்றனர். வித்தாகக் காப்போர் சின்னத்தை இழக்கின்றனர்.

நிலவு மரங்களின் இரண்டாம் தலைமுறைக் கன்றுகள் இச்சிக்கலுக்குச் சான்றாகின்றன. அவற்றின் தாய்விதை நிலவைச் சுற்றியது, அவை சுற்றவில்லை. மண்ணிலேயே இருந்த விதைகளின் கன்றுகளோடு அருகருகே வளர்த்து நோக்கியபோது நிலவு மரங்களில் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. எனவே அக்கன்றுகளின் தனிமதிப்பு அவற்றின் உடலில் இல்லை. அவற்றோடு சேர்த்து வழங்கப்படும் வரலாற்றிலேயே உள்ளது. வரலாறு மறந்துபோன மரம் பிற மரங்களுள் ஒன்றாகவே நிற்கிறது. இருப்பிடம் அறியப்படாத நிலவு மரங்களுக்கு நேர்ந்தது இதுவே.

போயம்-4 தளத்தில் முளைத்த எட்டுத் தட்டைப்பயறு விதைகள் இக்கருத்தினை மேலும் தெளிவாக்குகின்றன. அவை திரும்பவில்லை, அவற்றுக்கு வழித்தோன்றலும் இல்லை. அவற்றைப் போற்ற விழையும் ஒருவர் கையில் எடுத்துப் போற்றத்தக்க விதை உலகில் எங்கும் இல்லை. இருப்பவை மண்ணில் தங்கிய தட்டைப்பயறுகள் மட்டுமே. அப்பயிரை வறட்சி தாங்கவும் மண்ணை வளமாக்கவும் ஏற்றதாகப் பல தலைமுறைகள் தேர்ந்தெடுத்துப் பேணியவர்கள் பெயர் தெரியாத உழவர்கள், குறிப்பாக உழத்தியர். நான்கு நாட்களில் முளைக்கும் அத்திறன் விண்வெளியில் தோன்றியதன்று. வயல்களில் பேணப்பட்டு விண்வெளியில் வெளிப்பட்டது. எனவே விண் சென்ற வித்தைப் போற்றுதல் முறையாக நிகழுமாயின், அது மண்ணில் தங்கிய வித்தையும் அதனைப் பேணியோரையும் போற்றுவதில் சென்று முடிதல் வேண்டும்.

இவ்வாறு நோக்கின் கரேன் மக்களின் நெல்லும் நிலவு மரத்தின் விதையும் ஒரே வகையான மதிப்புக்கு உரியவை. இரண்டும் தம் இயல்பான நிலத்தினின்று நீங்கிப் பயணம் செய்தவை. எனினும் இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. விண் சென்ற விதைக்கு மண்ணில் ஒரு துணைவிதை பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்தது. பயணம் தோற்றாலும் குடி பட்டினி கிடக்கப் போவதில்லை. கடல் கடந்த குடியேறியின் விதைக்கு அத்தகைய துணைவிதை இல்லை. அது முளைக்கத் தவறின் உண்ண உணவில்லை. இடரின் அளவைக் கொண்டு மதிப்பு அளக்கப்படுமாயின், பின்னதே மிக்க மதிப்புக்கு உரியது. ஆயின் விழாவும் அறிவிப்புப் பலகையும் முன்னதற்கே கிடைக்கின்றன. இம்முறைகேடு விண்வெளி ஆய்வின் குற்றமன்று. மதிப்பை எங்கே தேடுவது என்பதில் நேரும் பிழை.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். விண்விதையின் புகழ் சிறாரை ஈர்க்கிறது. தக்காளி விதைகளைப் பெற்ற இலட்சக்கணக்கான மாணாக்கர் ஒப்பிட்டு நோக்கும் அறிவியல் முறையைக் கற்றனர். உள்ளூர் நெல்லுக்கு அவ்வீர்ப்பு இல்லை என்பது அம்மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஆயின் அத்திட்டத்தின் சிறப்பு விண்விதையைத் தனியே கொடுத்ததில் இல்லை; மண்விதையையும் சேர்த்துக் கொடுத்ததில்தான் உள்ளது. தீவுப் பள்ளி ஒன்றில் விண்ணோடு தொடர்புடைய தட்டைப்பயறும், மாணாக்கர் வீட்டிலிருந்து கொணர்ந்த தட்டைப்பயறும் ஒரே பாத்தியில் விதைக்கப்படுமாயின், அவ்வீர்ப்பு இரண்டுக்கும் உரியதாகும்.

காத்தலும் கொடுத்தலும்

காத்தல், கொடுத்தல் ஆகிய இரண்டும் முரணும் நிலையில் எதனை மேற்கொள்வது என்னும் வினா பழமையானது. சேக்கிழாரின் பெரியபுராணம் கூறும் இளையான்குடிமாற நாயனார் வரலாறு இதன் ஒரு முனையைக் காட்டுகிறது. வறுமையுற்ற நிலையில், மழை பெய்யும் இரவில் வந்த அடியவர்க்கு உணவளிக்க வேறொன்றும் இல்லாமையால், அன்று வயலில் விதைத்த நெல்முளையை இருளில் தடவி வாரிக் கொணர்ந்தார் அவர். அவருடைய மனைவியார் அதனை வறுத்துக் குற்றி அமுதாக்கினார். நாளைய விளைச்சல் இன்றைய விருந்துக்கு உணவாயிற்று.

மற்றொரு முனையை லெனின்கிராடு நகர வரலாறு காட்டுகிறது. 1941 செப்டம்பர் முதல் 1944 சனவரி வரை அந்நகர் செர்மானியப் படையால் முற்றுகையிடப்பட்டிருந்தது. நிக்கோலாய் வவிலோவ் உலகெங்கும் சென்று திரட்டிய விதைக் களஞ்சியம் அங்கிருந்தது. அதனைக் காத்த அறிவியலாளர் சிலர் நெல்லும் கோதுமையும் நிலக்கடலையும் நிறைந்த அறைகளிடையே அவற்றைத் தொடாமல் பசியால் மாண்டனர். சிறையிலடைக்கப்பட்டிருந்த வவிலோவும் 1943 சனவரியில் சராத்தோவ் சிறையில் மாண்டார்.

நாயனார் விதையை உணவாக்கினார். லெனின்கிராடு அறிவியலாளர் உணவை விதையாகவே வைத்தனர். இருவர் செயலும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினும், இரண்டிலும் ஒரு பொதுமை காணப்படுகிறது. இருவரும் தமக்கென அவ்விதையைக் கொள்ளவில்லை. நாயனார் வந்து நின்ற விருந்தினர்க்குக் கொடுத்தார். அறிவியலாளர் இன்னும் வாராத விருந்தினர்க்குக் கொடுத்தனர். எனவே விதையைக் காத்தல் என்பது பிறவாத தலைமுறைக்குக் கொடுத்தலே ஆகும். காப்பவன் அதற்கு உரிமையாளன் அல்லன். இடையில் வைத்திருக்கும் பொறுப்பாளன்.

இனி, கொடுத்தலும் காத்தலின் ஒரு வடிவமே என்பதும் கருதத்தக்கது. நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவில் 2008இல் திறக்கப்பட்ட உலக விதைக் காப்பகத்திலிருந்து முதன்முதலாக விதையைத் திரும்பப் பெற்றது, சிரியாவின் அலெப்போவிலிருந்து போரினால் இடம்பெயர்ந்த வறள்நில வேளாண் ஆய்வு நிறுவனமாகும். 2015இல் பெற்ற விதைகளை லெபனான், மொராக்கோ ஆகிய நாடுகளில் பெருக்கி, 2017இல் அந்நிறுவனம் மீண்டும் அங்கே சேர்த்தது. பிறரிடம் கொடுத்து வைத்தமையே அதன் களஞ்சியத்தைக் காத்தது. நிலவு மரங்களும் பல ஊர்களுக்குச் சிதறிச் சென்றமையால் எஞ்சின. பதிவு பேணப்படாமையால் மறைந்தன. இவ்விரு உண்மைகளையும் இணைத்து நோக்கின் ஒரு நெறி புலனாகிறது: விதை பலர் கைக்குச் செல்ல வேண்டும், அதனோடு அதன் வரலாறும் செல்ல வேண்டும். வரலாறின்றி வழங்கப்படும் விதை பாதியளவே பகிரப்பட்ட விதையாகும்.

உரிமை யாருக்கு?

விண்வெளி பற்றிய 1967ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கை, விண்வெளியை ஆராய்தலும் பயன்கொள்ளுதலும் மனிதகுலம் முழுமைக்கும் உரிய துறை என அறிவித்தது. 1983இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனம் ஏற்ற உறுதிமொழி, பயிர் மரபு வளங்களை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்றது. ஆயின் 1992இல் உருவான உயிரியற் பன்மை உடன்படிக்கை அவ்வளங்களின்மீது அந்தந்த நாட்டின் இறைமையுரிமையை ஏற்றது. புதுப் பயிர் வகைகளுக்கு உருவாக்குநர் உரிமையும் காப்புரிமையும் பல நாடுகளில் வலுப்பெற்றன. யாரும் குடியிராத விண்வெளி பொதுமையாகவே இருக்க, எல்லாரும் உண்ணும் விதை பொதுமையினின்று படிப்படியாக நீங்கியது.

விண்ணில் மாற்றமுற்ற விதையிலிருந்து சிறந்த வகையொன்று தோன்றின் அது யாருக்கு உரியது என்னும் வினா இப்பின்னணியில் எழுகிறது. அவ்விதை பொதுவான வெளியில் பொதுப் பணத்தால் பயணம் செய்தது. அதன் மாற்றம் யாருடைய திட்டத்தாலும் விளைந்ததன்று. அதன் மரபுத்தொகுதி உழவர் தலைமுறைகளின் கொடை. தேர்ந்தெடுத்தோரின் அறிவும் உழைப்பும் மதிக்கத்தக்கவையே. ஆயினும் இறுதிக் கைக்குரிய பங்கினை முழுப்பொருளுக்கும் உரிய பங்காக விரித்தல் நேர்மையாகாது.

இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இவ்விடத்தில் ஒரு நடுவழியைக் கண்டுள்ளது. உருவாக்குநர்க்கு உரிமை வழங்கும் அச்சட்டத்தின் 39ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட வகையின் விதையையும் உழவர் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், விற்கவும் இசைவளிக்கிறது. வணிகப் பெயரிட்ட விதையாக விற்பதை மட்டுமே விலக்குகிறது. விதைகொடுத்து விதைவாங்கும் பழைய ஒழுக்கம் இங்குச் சட்டத்தின் மொழியைப் பெற்றுள்ளது. விண் சென்ற விதைகளின் வழித்தோன்றல்களும் இவ்வொழுக்கத்தினின்று விலக்குப் பெறுவதற்கு அறவியற் காரணம் எதுவுமில்லை.

பகிர்தலின் எல்லை

கொடுத்தல் எப்போதும் நன்றாகுமா என்பதனையும் ஆராய்தல் வேண்டும். இவ்வினாவுக்குத் தீவுகளைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. ஆங்கிலேயர் அந்தமானில் கொணர்ந்து விட்ட புள்ளிமான், அதனை வேட்டையாடும் விலங்கு அங்கு இன்மையால் பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்து காடுகளின் மீளாக்கத்தைத் தடுத்து வருகிறது. பெரிய ஆப்பிரிக்க நத்தை தோட்டங்களை அழித்து வருகிறது. தீவு என்பது தனித்துக் கிடப்பதால் காக்கப்படுவது. அதனாலேயே எளிதில் கெடுவது. விதையோடு பூச்சியும் பூஞ்சையும் நச்சுயிரியும் கூடவரும் என்பதால், கொடுப்பவரின் நல்லெண்ணம் மட்டும் போதுமானதன்று. வெளிநாட்டுத் தென்னை வகைகள் தீவின் தனித்தோப்பில் வைத்து நோக்கப்பட்டமை இவ்வெச்சரிக்கையின் வெளிப்பாடேயாகும்.

விண்வெளி உடன்படிக்கையின் ஒன்பதாம் உறுப்பும் இதே எச்சரிக்கையைப் பேசுகிறது. பிற கோள்களைத் தீங்குறக் கலப்படுத்துதலையும், புறப்பொருளால் புவிச்சூழல் கெடுதலையும் தவிர்க்குமாறு அது நாடுகளைப் பணிக்கிறது. 2019 சனவரியில் சீனாவின் சாங்'இ-4 கலத்தில் நிலவின்மீது முளைத்த பருத்திவிதை மூடிய கலனுக்குள்ளேயே முளைத்து, நிலவின் இரவுக் குளிரில் அழிந்தது. தீவுக்கும் கோளுக்கும் பொதுவான நெறி ஒன்று இதிலிருந்து பெறப்படுகிறது: ஏற்குமிடத்தின் நலனே கொடையின் முதல் அளவுகோல்.

வடக்குச் சென்டினல் தீவின் வரலாறு இந்நெறியை மேலும் கூர்மையாக்குகிறது. வெளியுலகத் தொடர்பை விலக்கி வாழும் அத்தீவு மக்களுக்கு அரசுசார் குழுவினர் பல ஆண்டுகள் தேங்காய்களைக் கொடையாகக் கொண்டுசென்றனர். 1991 சனவரியில் அம்மக்கள் அவற்றை நேர்முகமாகப் பெற்றுக்கொண்டனர். கொடை வெற்றி பெற்றதாகத் தோன்றிய அந்தப் பத்தாண்டிலேயே அப்பயணங்கள் நிறுத்தப்பட்டன. தொடர்பினால் நோயும் அழிவும் நேரும் என்னும் அச்சமும், பிற தொல்குடிகளுக்கு நேர்ந்த கேடுகளும் அம்முடிவுக்குப் பின்னணியாயின. கொடுக்கும் கையை மடக்கிக்கொள்வதும் அறமாகலாம் என்பதற்கு இது சான்று. கொடுப்பவர் தம் மகிழ்ச்சிக்காகக் கொடுக்கும் கொடை, பெறுபவரின் விருப்பத்தையும் நலத்தையும் கருதாதபோது கொடையாகாது. விண் சென்ற விதை என்னும் புகழுடன் வரும் ஒரு பொட்டலமும், தொலைவிலிருந்து தீவுக்கு வரும் எந்தப் பொட்டலத்தையும் போலவே, அதன் துறைமுகத்தில் நோக்கப்பட வேண்டியதே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. விண் சென்ற வித்தின் தனிமதிப்பு அதன் உடலில் அன்று, அதனோடு தொடரும் வரலாற்றில் உள்ளது. அவ்வரலாறு விண்பயணத்தோடு தொடங்குவதன்று. அவ்விதையை உருவாக்கிய உழவரோடு தொடங்குவது. ஆகவே விண்வித்துக்குக் காட்டும் மதிப்பு, இடரின் மிகுதியால் அதனினும் மிக்க மதிப்புக்கு உரிய கடல் கடந்த வித்துக்கும் நீளுதல் வேண்டும். விதையைக் காத்தல் பிறவாதவர்க்குக் கொடுத்தலாகும். விதையைக் கொடுத்தல் பிறர் கையில் காத்தலாகும். பொது உழைப்பாலும் பொது வெளியாலும் உருவானதைத் தனியுரிமை வேலியிட்டு உழவர்க்கு மறுத்தல் முறையன்று. பெறுமிடத்திற்குத் தீங்கு நேருமாயின் கொடாமையே கடமையாகும்.

தீவு வேளாண் ஆய்வகத்தின் குளிரறையில் ஒரு நெல்வகை காக்கப்படுகிறது என்பதனால் மட்டும் அவ்வகை வாழ்கிறது எனக் கொள்ள இயலாது. வெபியின் வயல்களில் அதனை விதைக்கும் குடும்பங்கள் குறையுமாயின், விதை எஞ்சும். அதனை எப்பருவத்தில் விதைப்பது, எந்நிலத்தில் நடுவது, எவ்வாறு சமைப்பது என்னும் அறிவு எஞ்சாது. நிலவு மரங்களின் இருப்பிடம் மறக்கப்பட்டபோது அவற்றைத் தேட ஓர் ஆசிரியையின் வினா போதுமானதாயிற்று. மறக்கப்பட்ட நெல்லைத் தேடுவதற்கு, அந்நெல் இருந்தது என்பதனை அறிந்த ஒருவரேனும் இருத்தல் வேண்டும். போர்ட் பிளேயர்த் தரைநிலையத்தின் அலைவாங்கி விண்ணில் செல்லும் கலத்தின் மெல்லிய குறிப்புகளையும் தவறவிடாமல் பின்தொடர்கிறது. அத்தகைய கவனம் அதே தீவின் வயலிலுள்ள விதைக்கும் உரியது என்பதே இவ்வாய்வின் துணிபு.